டெபிட் கார்டுக்கும் 2% எக்ஸ்ட்ராவா? கடைக்காரர் கேட்பது சரியா?

“கார்டுனா 2 பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார், பரவாயில்லையா?” செல்போன் கடை, நகைக்கடை, டிராவல்ஸ் எனப் பல இடங்களில் பில் போடும்போது கேட்கும் வசனம் இது. அவசரத்தில் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த 2% யார் கட்ட வேண்டிய காசு?

எம்டிஆர் என்றால் என்ன?

கார்டில் பணம் செலுத்தும்போது, ஸ்வைப் மெஷின் கொடுத்த வங்கி கடைக்காரரிடம் ஒரு கட்டணம் பிடிக்கும். அதுதான் எம்டிஆர். பெயரே சொல்வதுபோல, இது வியாபாரிக்கான கட்டணம்.

டெபிட் கார்டு: விதி தெளிவு

ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் வெளியிட்ட உத்தரவுப்படி, ஆண்டு விற்பனை ரூ.20 லட்சம் வரை உள்ள கடைக்கு எம்டிஆர் அதிகபட்சம் 0.40%, ஒரு பில்லுக்கு ரூ.200-ஐ தாண்டக்கூடாது. பெரிய கடைக்கு 0.90%, உச்சவரம்பு ரூ.1,000. இதை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வது வங்கிகளின் பொறுப்பு. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி முதல் எம்டிஆரே கிடையாது.

ரூ.30,000 போனுக்கு டெபிட் கார்டில் 2% என்றால் ரூ.600. பெரிய கடையே என்றாலும் வங்கிக்குப் போவது அதிகபட்சம் ரூ.270, அதன்மேல் ஜிஎஸ்டி. மீதி? கடைக்காரர் பாக்கெட்டுக்குத்தான்.

கிரெடிட் கார்டு: இங்கேதான் சிக்கல்

கிரெடிட் கார்டு எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மார்ஜின் குறைந்த தொழிலில் ரூ.600 போனால் வலிக்கத்தான் செய்யும். அதை விலையில் சேர்த்தால், கேஷ் கொடுப்பவரும் அடுத்தவரின் ரிவார்டு பாயின்ட்டுக்குக் காசு கட்டுகிறார். கடைக்காரர் புலம்பல் முழுப் பொய் அல்ல.

ஆனாலும் பில் போட்ட பிறகு தொகையைக் கூட்டுவது நியாயம் இல்லை. கிரெடிட் கார்டு வாங்குவோம் என்று போர்டு வைத்து ஆளை உள்ளே இழுப்பதே கடைதான். கேஷுக்குத் தள்ளுபடி தர நினைத்தால், அதையும் வாசலிலேயே எழுதி வைக்கலாமே.

பிரிட்டனில் 2018 ஜனவரி முதல் தனிநபர் கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கத் தடை உண்டு. டெபிட் கார்டுக்குச் சொன்னதை கிரெடிட் கார்டுக்கும் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறு கடைகளின் சுமை குறைய, எம்டிஆருக்கும் ஒரு வரம்பு வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்?

எக்ஸ்ட்ரா தொகையைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். டெபிட் கார்டுக்குக் கேட்டால் விதியைச் சொல்லி மறுக்கலாம். மீறி வாங்கினால் பில்லும் கார்டு ஸ்லிப்பும் பத்திரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.