தேக்கு நாற்காலியை எடைக்குப் போடும் புத்திசாலிகளுக்கு

நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் நம் எரியோட்டில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். கை வைத்த தேக்கு நாற்காலி நான்கு, பிரம்பு கிழிந்த ஒரே குற்றத்துக்காகப் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறின. அந்த வீட்டுப் பிள்ளை என் மாணவன். பெங்களூரு வீட்டுக்கு 'சண்டிகர் சேர்' வாங்கியதாகப் படம் போட்டிருக்கிறான்.

தம்பி, அந்தச் சேரின் கதை தெரியுமா? பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் கட்டியபோது, லெ கொர்பூசியேயின் உறவுச் சகோதரர் பியர் ஜான்னரே 1951இல் வந்து 1965 வரை அங்கேயே இருந்தார். அலுவலகங்களுக்கு நாற்காலி, மேசை வடிவமைத்தார். யூலி சவுத்ரி போன்ற நம் நாட்டுக் கட்டடக் கலைஞர்களும் அதில் உழைத்தார்கள். செய்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். கறையானுக்கு எளிதில் அஞ்சாத தேக்கு, வெயிலுக்குக் காற்று விடும் பிரம்பு. பக்கத்திலிருந்து பாருங்கள்: இரண்டு கால்கள் காம்பஸை விரித்து நிறுத்தியது போல மேலே கூடி, கீழே அகலும். இருக்கைச் சட்டம் குறுக்கே ஓடும். நாற்கரம் சாயும், முக்கோணம் சாயாது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேனே, அதேதான். சாய்ந்து உட்காருபவரின் பாரத்தை அந்த முக்கோணம் தாங்குகிறது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஸ்டீல், ரெக்ஸின் வந்ததும் இவற்றை மொட்டை மாடியில் குவித்து, கழிவென்று ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிப்போய்ப் பழுது பார்த்து லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. வெள்ளைக்காரன் விலை வைத்த பிறகுதான் நம் கண்ணுக்குப் பொருள் தெரிகிறது.

நான் சொல்ல வருவது பழம்பெருமை இல்லை. நல்ல நாற்காலி என்றால் பிரித்துச் சரிசெய்ய முடிய வேண்டும். ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் நாக்கு, நடுவே மரஆணி. ஆட்டம் கொடுத்தால் தட்டிக் கழற்றி மறுபடி பூட்டலாம். பிரம்பு போனால் பிரம்பை மட்டும் மாற்றலாம். மரம் பேரன் காலம் வரை இருக்கும். கால் விரிந்த பிளாஸ்டிக் சேரை எந்த ஆசாரி சரிசெய்வார்? பசையும் ஸ்க்ரூவும் போட்டு ஆன்லைனில் வரும் பலகை நாற்காலி இரண்டு மழைக்காலம் தாண்டினால் பெரிது. கையால் செய்யும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்துக்காரர்கள் நாம்!

இதில் சோறும் இருக்கிறது. பிரம்பு பின்னுவது பார்வையற்றவர்களுக்கென்றே கற்றுத்தரப்பட்ட தொழில். அரசு அலுவலகங்களில் அதற்கு வேலையே இருந்தது. விரல் நுனியால் எண்ணி எண்ணி, எட்டு மூலைக் கண் ஒன்றுகூடப் பிசகாமல் பின்னுவார்கள். நாம் ஒரு நாற்காலியை எடைக்குப் போட்டால் அவர்களுக்கு ஒரு வேலை போகிறது.

"பிரம்பில் மூட்டைப்பூச்சி வருமே சார்" என்பீர்கள். வரும். வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். "தேக்கு யாரால் வாங்க முடியும்?" நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் கை வைத்த நாற்காலியில் பண்ணையார் உட்கார, மற்றவர்கள் நின்றார்கள். எழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் எல்லோரையும் சரிசமமாக உட்கார வைத்தது பிளாஸ்டிக் சேர்தான். அதை நான் பழிக்கவில்லை. தேக்கு இல்லையா, வேம்பு, பூவரசு, வாகையில் செய்யச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் கிடைக்கிற மரங்கள்தானே. என் கோபமெல்லாம் வீட்டில் இருப்பதைக் கிலோவுக்குத் தள்ளிவிட்டு, அதே மாதிரியை மாதத் தவணையில் வாங்குபவர்கள் மேல்தான்.

பரணில் உடைந்தது ஏதாவது கிடந்தால் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். பிரம்பு பின்னத் தெரிந்தவர் திண்டுக்கல் பக்கம் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள். வேண்டவே வேண்டாம் என்பவர்கள் என் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போகலாம். வண்டிக் கூலி என்னுடையது.