கேத்திலை நாள் முழுக்கக் கொதிக்க விடுவீர்களா?

நவம்பர் பிறந்ததும் லண்டன் தமிழ் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். ஈஸ்ற்ஹாமில் பிறந்தநாள் விழாவானாலும் ஹரோவில் அந்தியேட்டியானாலும், கையில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் ஒரு அண்ணை அதைச் சொல்லியே தீருவார்: "ஹீற்றிங்கை அணைச்சு அணைச்சுப் போடாதேங்கோ. குறைச்சு வைச்சு நாள் முழுக்க விடுங்கோ. அதுதான் லாபம்." சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். அன்றிரவே இரண்டு வீடுகளிலாவது பொயிலர் நேரக்கட்டுப்பாடு மாறிவிடும்.

அண்ணை சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசிக்குத்தான் நாங்கள் பில் கட்டுகிறோம். அவர் வைக்கும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "குளிர்ந்த வீட்டைத் திரும்பச் சூடாக்கத்தான் கூடுதல் காஸ் போகும்."

இந்த வாதத்தின் அத்திவாரமே இதுதான். வீடு ஓர் ஓட்டைக் குடம். குடத்தில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு வேகமாக ஒழுகும். வெப்பமும் அப்படித்தான்: உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை பாகை வித்தியாசமோ, அதற்கேற்ற வேகத்தில் சுவராலும் கண்ணாடியாலும் கூரையாலும் வெளியேறும்.

ஒரு கணக்குப் போடுவோம். வெளியே 5 பாகை, உள்ளே 20. வித்தியாசம் 15. இந்த நிலையில் மணிக்கு 3 யூனிற் (கிலோவாற் மணி) வெப்பத்தை இழக்கும் சாதாரண வீடு என்று வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் 8 மணி நேரமும் 20 பாகையிலேயே வைத்திருந்தால் 24 யூனிற் போய்விடும். அணைத்துவிட்டுப் போனால் வீடு மெல்ல ஆறி மாலையில் 14 பாகைக்கு வரலாம். சராசரி வித்தியாசம் 12 அளவில் நிற்கும். இழப்பு 19 யூனிற்றைச் சற்றுத் தாண்டும். மாலையில் பொயிலர் நிரப்ப வேண்டியது அந்த 19 ஐத்தான், 24 ஐ அல்ல. திரும்பச் சூடாக்கும் செலவு முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. மிச்சம் ஏறக்குறைய 5 யூனிற். 2025 இறுதியில் இருந்த காஸ் விலையில் நாளுக்கு 31 பென்ஸ் அளவு. ஐந்து மாதக் குளிருக்கு 47 பவுண்ஸ் அளவு.

20 இல் வைக்காமல் 17 பாகைக்குக் குறைத்துவிட்டுப் போனால் இந்த வித்தியாசம் சுருங்கும். ஆனால் ஒருபோதும் தலைகீழாகாது. பில் என்பது வீட்டின் சராசரி வெப்பநிலைக்கு நாங்கள் கொடுக்கும் வாடகை. ஈஸ்ற்ஹாமின் பழைய வரிசை வீடுகளைப் போல இடைவெளியற்ற ஒற்றைச் செங்கற்சுவர் வீடாக இருந்தால் ஓட்டை இன்னும் பெரிது. அங்கே அணைப்பதில் லாபமும் கூட.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்கிறேன். திரும்பக் கொதிக்கவைக்கச் செலவு கூடும் என்று அஞ்சி, பின்னேரத் தேத்தண்ணிக்காகக் காலையிலிருந்தே கேத்திலைக் கொதிக்க விடுவீர்களா?

2. "மீற்றரே காட்டுகிறதே!"

இந்த நம்பிக்கை வேரூன்றியதற்குக் காரணம் ஸ்மார்ட் மீற்றரின் சின்னத் திரை. காலை ஆறு மணிக்குப் பொயிலர் எரியத் தொடங்கிச் சற்று நேரத்தில் காஸ் செலவு எகிறுவது கண்ணில் படும், நெஞ்சு பதறும். இரவு முழுக்க அது அசையாமல் கிடந்ததை யாரும் விழித்திருந்து பார்ப்பதில்லை. நாள் முழுக்க எரியும் வீட்டிலோ செலவு துளித்துளியாகப் போகும், பதற்றம் வராது. பில்லில் வருவது கூட்டுத்தொகை.

3. "அணைத்து அணைத்துப் போட்டால் பொயிலர் பாடுபடும்."

2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் பொருத்தப்பட்ட காஸ் பொயிலர்கள் ஏறக்குறைய எல்லாமே புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்பவை. றேடியேற்றரைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் இந்த வித்தை நன்றாக நடக்கும். ஆறிய வீட்டில் பொயிலரைப் போடும்போது திரும்பி வருவது குளிர்ந்த தண்ணீர். பொயிலருக்கு அது பாடு அல்ல, வசதி.

அந்தக் கால்வாசி உண்மை இங்கேதான் இருக்கிறது. "குறைச்சு வையுங்கோ" என்பது நல்ல அறிவுரை, இடம்தான் மாறிவிட்டது. குறைக்க வேண்டியது பொயிலரிலிருந்து புறப்படும் தண்ணீரின் சூட்டை. பல வீடுகளில் அது 75, 80 பாகையில் கிடக்கிறது. தண்ணீர்த் தாங்கி இல்லாத கொம்பி பொயிலரானால் ஹீற்றிங் குமிழை 60 பாகைக்குத் திருப்புங்கள். வீடு சூடாகச் சற்று நேரம் கூடுதலாக எடுக்கும். காஸ் குறைவாகப் போகும். நெஸ்டா என்ற பிரித்தானிய அறக்கட்டளை 2022 இல் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது இதைத்தான். வெந்நீர்த் தாங்கி உள்ள வீட்டார் மட்டும் அவசரப்பட வேண்டாம். தாங்கியில் தண்ணீர் 60 பாகைக்குக் குறைந்தால் லெஜனெல்லா கிருமி வளர இடமுண்டு.

சுவரிலுள்ள தேர்மோஸ்ற்றாற் வேறு விஷயம். அதை 25 க்குத் திருப்பினால் வீடு கெதியாகச் சூடாகாது. அது நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும் கருவி, வேகத்தைக் கூட்டும் கருவி அல்ல. 19 இல் நின்றிருக்க வேண்டிய பொயிலர் 25 வரை எரியும், அவ்வளவுதான்.

4. "அணைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்."

இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். 2020 டிசெம்பரில் இறந்த றொச்டேல் சிறுவன், இரண்டு வயது அவாப் இஷாக்கின் சாவுக்கு வீட்டுப் பூஞ்சணமே காரணம் என்று 2022 இல் மரணவிசாரணை அதிகாரி முடிவுசெய்தார். அவன் பெயரிலேயே வந்த சட்டம், சமூக வீடுகளில் ஈரமும் பூஞ்சணமும் உடலுக்கு ஆபத்தாகும்போது குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வீட்டு உரிமையாளரை 2025 ஒக்ரோபர் 27 முதல் கட்டாயப்படுத்துகிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் பூஞ்சணம் வளர்வது ஈரத்தில். புட்டும் இடியப்பமும் அவியும் குசினியில் நீராவிக்குக் குறைவில்லை. அதோடு தோய்த்த உடுப்பையும் றேடியேற்றரில் விரித்துவிடுகிறோம். நாள் முழுக்க ஹீற்றிங் போட்டாலும் அந்த ஈரம் வெளியே போகாது. சமைக்கும்போது காற்றுறிஞ்சியைப் போடுங்கள், குளித்தபின் பத்து நிமிடம் யன்னலைத் திறவுங்கள். வீட்டைப் பல நாட்கள் உறையவும் விடாதீர்கள். இரண்டு வேளை சூடாக்குவதும் நாள் முழுக்க எரிய விடுவதும் ஒன்றல்ல.

5. "அப்படியானால் ஒரு சின்ன மின் ஹீற்றர் போதும்."

இது எதிர்ப்பக்கத்துப் பிழை. 2025 ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான எரிசக்தி ஒழுங்குபடுத்துநரான ஒஃப்ஜெம்மின் விலை உச்சவரம்பின்படி சராசரியாக மின்சாரம் யூனிற்றுக்கு 26.35 பென்ஸ், காஸ் 6.29 பென்ஸாக இருந்தன. நான்கு மடங்கு. அந்த விலையில் 2 கிலோவாற் ஹீற்றர் ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் 53 பென்ஸ். எண்ணெய் நிரப்பியதோ விசிறி வைத்ததோ, ஒரு யூனிற் மின்சாரம் தரும் வெப்பம் ஒன்றே. ஆட்களைச் சூடாக்க வேண்டுமென்றால் 100 வாற் மின் போர்வை அதே விலையில் மணிக்கு 3 பென்ஸுக்கும் குறைவு.

விலக்குகளும் உண்டு. வெப்பப் பம்பி வைத்த வீடும் தரைக்கடியில் குழாய் ஓடும் வீடும் ஒரே சீராக ஓடுவதற்கென்றே அமைந்தவை. அங்கே அண்ணையின் பேச்சைக் கேட்கலாம். முதியவர்களோ கைக்குழந்தைகளோ நோயாளிகளோ பகலில் இருக்கும் வீட்டில் காசு பார்க்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 18 பாகைக்குக் கீழே அவர்களை விடாதீர்கள். இந்தக் கட்டுரை ஆளில்லாத வீட்டைப் பற்றியது.

இனி என்னையும் நம்ப வேண்டாம். குளிர் ஒரேமாதிரி இருக்கும் இரண்டு வாரங்களை எடுங்கள். ஒரு வாரம் அண்ணை சொன்னபடி, அடுத்த வாரம் வேண்டிய நேரத்துக்கு மட்டும். இரண்டு வாரமும் தொடக்கத்திலும் முடிவிலும் காஸ் மீற்றரின் எண்ணைக் குறித்து வையுங்கள். 1 கன மீற்றர் ஏறக்குறைய 11 யூனிற். அந்தத் தாளோடு அடுத்த பிறந்தநாள் விழாவுக்குப் போங்கள்.