எய்தவர் இருக்க அம்புகளுக்கு மட்டும் விலங்கா? – வியா றெயிலும் மக்கள் பணமும்

மக்கள் வரியாகச் செலுத்தும் பணம் பொதுச் சொத்தாகும். அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்றவர்கள், வழியில் ஒரு சதம் குறைந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். புகையிரதத்தில் ஏற்றப்பட்ட அரசாங்கப் பொதி ஒன்று காணாமற் போனால், அதற்குப் பொறுப்பான ஊழியர் மறுநாளே பொலிஸ் நிலையத்தில் நிறுத்தப்படுவார். ஆனால் காணாமற் போனது பொதியாக இல்லாமல் பொதுப் பணமாகவும், அது கடந்து சென்ற இடம் சரக்குப் பெட்டியாக இல்லாமல் நிறுவனத்தின் தலைமையகமாகவும் இருந்தால் என்ன நடக்கும்? மொன்றியல் மாநகரின் அண்மைக்கால வரலாறு இக்கேள்விக்கு விடை தருகின்றது.

1995 ஒக்டோபரில் நடைபெற்ற கியூபெக் பொதுசன வாக்கெடுப்பில் கனடாவின் ஒருமைப்பாடு மயிரிழையில் தப்பியது. அதனையடுத்து, கியூபெக் மக்கள் மத்தியில் மத்திய அரசின் முகத்தை எடுப்பாகக் காட்டுவதற்கென அனுசரணைத் திட்டம் ஒன்று நடைமுறைப்படுத்தப்பட்டது. 1997 முதல் 2003 வரை ஏறத்தாழ 250 மில்லியன் டொலர்கள் இத்திட்டத்தின் பெயரால் செலவிடப்பட்டன. அவற்றுள் 100 மில்லியனுக்கும் மேற்பட்ட தொகை விளம்பர நிறுவனங்களின் கட்டணமாகவும் தரகாகவும் கரைந்து போனதை, கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிரேசர் 2004 பெப்ரவரி 10 ஆம் நாள் வெளியான தமது அறிக்கையில் அம்பலப்படுத்தினார்.

இப்பணம் பயணித்த வழிகளுள் ஒன்று, மொன்றியலைத் தலைமையகமாகக் கொண்ட அரசுடைமைப் புகையிரத நிறுவனமான வியா றெயில் ஆகும். ஹொக்கி வீரர் மொறிஸ் றிஷார் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்காக, எழுத்து மூல ஒப்பந்தம் எதுவுமின்றி, அந்நிறுவனம் 910,000 டொலர்களைக் கொடுத்தது. பின்னர் அரசாங்கம் அதில் 750,000 டொலர்களை வியா றெயிலுக்குத் திருப்பிக் கொடுத்தது. அரசாங்கத்தின் பணம் அரசாங்கத்தின் நிறுவனத்திற்கே செல்வதற்கு இடைத்தரகர் எதற்கு? ஆயினும் அப்பணம் லாப்ளேர் விளம்பர நிறுவனத்தின் ஊடாகவே அனுப்பப்பட்டது. அதற்குத் தரகுக் கூலியாக 112,500 டொலர்கள் வழங்கப்பட்டன. ஒரே உடலின் இடக் கையிலிருந்து வலக் கைக்குக் காசோலையை மாற்றிக் கொடுத்ததற்கான கூலி இது!

இந்த ஊழலில் எவருமே தண்டிக்கப்படவில்லை என்று கூறிவிட முடியாது. விளம்பர நிறுவன உரிமையாளர்களான ஜான் பிரோவுக்கு 2006 இல் 30 மாதங்களும், ஜான் லாப்ளேருக்கு 2007 இல் 42 மாதங்களும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. திட்டத்தை நடத்திய அரச அதிகாரி சக் கீற்றேயும் 2006 இல் 42 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் பணம் கடந்து சென்ற புகையிரத நிறுவனத்தின் உச்சியில் இருந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன? தலைவர் ஜான் பெல்ரியே 2004 மார்ச் முதலாம் நாள் பதவி நீக்கப்பட்டார். அதற்கும் உடனடிக் காரணம் பணமன்று. முன்னாள் ஊழியர் ஒருவரைப் பற்றி அவர் பத்திரிகைக்குக் கூறிய இழிசொற்களே காரணம். சில நாட்களின் பின் நிறைவேற்றுத் தலைவர் மார்க் லெப்ரான்சுவாவும் நீக்கப்பட்டார். இருவர் மீதும் குற்றவியல் வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை.

குற்றம் நிரூபிக்கப்படாத எவரையும் குற்றவாளி என அழைப்பது முறையன்று. பெல்ரியேயின் பதவி நீக்கத்தில் நியாயமான நடைமுறை பின்பற்றப்படவில்லை என 2005 இலும், அவரைப் பற்றிய கோமெரி ஆணைக்குழுவின் முடிவுகள் செல்லாதவை என 2008 இலும் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்குதான் எமது கேள்வி கூர்மையடைகின்றது. பதவி நீக்கம் தீர்ப்பாகாது; ஆணைக்குழு அறிக்கையும் தீர்ப்பாகாது. சான்றுகள் திறந்த நீதிமன்றில் சோதிக்கப்படாதவிடத்து, தவறிழைத்தவர் தப்பிக்கொள்கிறார்; தவறிழைக்காதவர் மீது பழி நிலைத்துவிடுகின்றது. மக்களுக்கோ உண்மை மறுக்கப்படுகின்றது.

அவ்வாறாயின் கியூபெக்கில் புகையிரத ஊழியர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டதே இல்லையா? ஏற்றப்பட்டார்கள். 2013 யூலை 6 ஆம் நாள் லக் மெகாந்திக் நகரில் 72 எண்ணெய்த் தாங்கிகளுடன் தானாக உருண்டு வந்த புகையிரதம் தடம்புரண்டு வெடித்ததில் 47 பேர் மாண்டனர். அதனை ஒரேயொரு ஓட்டுநருடன் இயக்குவதற்கு அரசாங்கமே அனுமதி அளித்திருந்தது. 2014 மே மாதம் கைவிலங்குடன் நீதிமன்றிற்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மூவர்: அந்த ஓட்டுநரும், கட்டுப்பாட்டாளரும், இயக்க முகாமையாளரும். 2018 சனவரியில் சேர்ப்றூக் நீதிமன்றில் நடுவர் குழு மூவரையும் விடுவித்தது. வங்குரோத்தான நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டுகளும் அதே ஆண்டில் கைவிடப்பட்டன. நிறுவனத் தலைவர் மீது குற்றவழக்கு தொடுக்கப்படவேயில்லை.

இத்தனைக்கும் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1992 இல் வெஸ்ற்றே சுரங்க வெடிப்பில் 26 தொழிலாளர்கள் பலியானதன் விளைவாக, நிறுவனங்களையும் குற்றவியற் பொறுப்புக்கு உட்படுத்தும் சட்டத் திருத்தம் 2004 முதல் நடைமுறையில் உள்ளது. குறைபாடு சட்டத்தில் அன்று, அதனை மேல்நோக்கிப் பாய்ச்சும் துணிவில்தான் உள்ளது.

தமிழ் மக்களுக்கு இந்நிலை புதியதன்று. 2000 டிசெம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்கள் படுகொலை செய்யப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து படையினருள் ஒரேயொரு சார்ஜன்ற் 2015 இல் தண்டிக்கப்பட்டார். 2020 மார்ச்சில் அவரும் பொதுமன்னிப்பில் விடுவிக்கப்பட்டார். கட்டளைப் பீடத்தை எவரும் தொடவில்லை. 2023 சனவரியில் அந்தச் சார்ஜன்ற்றுடன் இரு முன்னாள் சனாதிபதிகள் மீதும் தடை விதித்ததன் மூலம், பொறுப்பு மேல்நோக்கியும் செல்ல வேண்டும் என்பதைக் கனடா ஏற்றுக்கொண்டது. கொழும்புக்கு எடுத்துரைக்கும் அந்த நீதியை ஒட்டாவா தன் சொந்த நிறுவனங்களுக்கும் பொருத்த வேண்டாமா?

மொன்றியலின் களஞ்சியங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் எம்மவர்கள், ஒரு பெட்டி குறைந்தால் முதலில் சந்தேகிக்கப்படும் இடத்தில் நிற்பவர்கள். எனவே தலைமைகளும் அதே சட்டத்தின் முன் நிறுத்தப்பட வேண்டும் எனத் தமது நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வலியுறுத்துவது அவர்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அம்புக்கு விலங்கிட்டு எய்தவரை வழியனுப்பி வைக்கும் நீதி, எந்த நாட்டில் வழங்கப்பட்டாலும் நீதியாகாது.