ஸ்கேனருக்குக் கேட்காத சத்தம்

இந்த வார எபிசோட்டில் காரில் செருகுற குட்டி ஸ்கேனர்களைப் பற்றி நிறையப் புகழ்ந்து கதைச்சம். புகழ் நியாயமானதுதான். எஞ்சின் லைட் எரிஞ்சா என்ன கோட் எண்டு ஃபோனே சொல்லிப்போடும். ஆனா பழைய மனுவல் கியர்பொக்ஸ் தேய்ஞ்சா அது வாயே திறக்காது.

காரணம் எளிது. ஓபிடி வந்ததே புகையைக் கட்டுப்படுத்தத்தான். ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001இல் கட்டாயமானது. கியர்பொக்ஸில் பெரும்பாலும் இருக்கிறது ஒரு ரிவேர்ஸ் லைட் சுவிட்ச், மிஞ்சினா ஒரு வேக சென்சர். பல் தேயுறதைப் பார்த்துச் சொல்ல அங்க ஒண்டும் இல்லை. பிரிட்டனில் வருஷாவருஷம் நடக்கிற எம்ஓடி சோதனையும் எஞ்சின், கிளட்ச், கியர்பொக்ஸ் நிலையைப் பார்க்கிறதில்லை. மிச்சம் இருக்கிறது உங்கட காதும் கையும்தான்.

அதால "கியர்பொக்ஸ் போட்டுது, முழுசா மாத்தவேணும்" எண்டு கராஜில் சொன்னா, "எந்தப் பகுதி?" எண்டு கேட்காமல் தலையாட்டக்கூடாது எண்டது என்ர கருத்து. பழைய காருக்கு அந்தச் செலவு காரின்ர விலையையே தாண்டும். பிறகென்ன, நல்ல கார் ஸ்கிராப்புக்குப் போகும். 2006க்குப் பிறகு பதிவான பெட்ரோல் கார் எண்டா லண்டன் யூலெஸ் கட்டணமும் இல்லை. அப்படி ஒண்டை ஏன் தூக்கி எறிவான்?

என்ர மச்சாளுக்கு இதேதான் நடந்தது. எந்த கியர் போட்டாலும் கர்ர் எண்டு அரைச்சது, ரிவேர்ஸில் இன்னும் மோசம். பெட்டியை மாத்தச் சொன்னார்கள். எல்லா கியரும் ஒரேயடியா அரைச்சா முதல் சந்தேகம் கிளட்சில்தான் வரவேணும். எஞ்சின் ஓட, பெடலை அடிவரை மிதிச்சு, ஐந்து செக்கன் பொறுத்து ரிவேர்ஸ் போடுங்கோ. அப்பவும் அரைச்சா கிளட்ச் முழுசா விடுபடவில்லை. அவளின்ர காரில் ஸ்லேவ் சிலிண்டர் கசிஞ்சு, பைப்புக்குள்ள காத்துப் போயிருந்தது. கியர்பொக்ஸ் இண்டைக்கும் அதேதான்.

ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவதோ மூண்டாவதோ, வேகமா மாத்தும்போது அரைச்சு, ஆறுதலாப் போட்டா சத்தமில்லாமல் விழுந்தா அது சிங்க்ரோ வளையம். பித்தளை வளையம், கியர் பூட்ட முதல் இரண்டு பகுதியின் வேகத்தையும் சமப்படுத்துறது அதின்ர வேலை. அது தேய்ஞ்சிருந்தாலும் பொறுமையா ஓட்டினா வருஷக்கணக்கில் ஓடலாம்.

நியூட்ரலில் நிக்கேக்க வாற உறுமல், கிளட்ச் மிதிச்ச உடனே நிண்டா, பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு பெயாரிங். மிதிக்கேக்க மட்டும் சத்தம் வந்தா கிளட்சின் ரிலீஸ் பெயாரிங், பெட்டிக்கு வெளியில் உள்ள சாமான். இந்த இரண்டையும் பிரிச்சறிய அரை நிமிஷம் போதும், ஃபோன் தேவையில்லை. கியர் கம்பு கஞ்சிக்குள்ள கரண்டி மாதிரி ஆடினா, அநேகமா லிங்கேஜ் புஷ்தான், மலிவு.

பிறகு ஒயில். "கியர்பொக்ஸ் ஒயில் ஆயுளுக்கும் போதும்" எண்ட கதையை நான் நம்புறதில்லை. யாருடைய ஆயுளுக்கு? வடிக்க முதல் நிரப்புற மூடியைக் கழட்டிப் பாருங்கோ. அது இறுகியிருந்தா வடிச்சிட்டு முழிக்க வேண்டிவரும். வடிப்பு மூடியில் காந்தம் இருந்தா, அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கிறது வழமை. ஒயிலில் பொன் நிறத் தூள் மினுங்கினா சிங்க்ரோ தேயுது. உருக்குச் சில்லுகள் வந்தாத்தான் பயப்படவேணும். புது ஒயில் கையேட்டில் உள்ளதாவே இருக்கட்டும். ஜிஎல்-4 கேட்கிற பெட்டிக்கு ஜிஎல்-5 ஊத்தினா, சில வகைகளில் உள்ள கந்தகம் பித்தளையைத் தின்னும்.

உண்மையா முடிஞ்ச பெட்டியும் உண்டு. அக்சிலரேட்டரை விட்ட உடனே கியர் தானாக் கழண்டு விழுந்து, எஞ்சின் மவுண்டும் லிங்கேஜும் சரியா இருந்தா, உள்ளே கியரைப் பூட்டுற பல்லோ செலெக்டர் ஃபோர்க்கோ போயிருக்கும். சில்லுகளும் சேர்ந்து வந்தா ஒரு பழைய பெட்டி தேடுங்கோ. அதைப் பூட்டேக்க கிளட்சையும் மாத்தச் சொல்லுங்கோ. இறக்கி ஏத்துற கூலி ஒருக்காத்தான்.