கொல்லைக்குப் போகும் பெட்ரோல்

செஞ்சியில், திண்டிவனம் சாலைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். முற்பகலிலேயே ராஜகிரிப் பாறை அனல் வீசுகிறது. எனக்கு முன்னால் மொபெட்டில் ஒரு பெரியவர். கையில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்.

"பாட்டில்ல போடக் கூடாதுங்க ஐயா."

"களை எடுக்கிற மிஷினு கொல்லையில நிக்குது. அதை இங்க தள்ளிக்கிட்டா வர முடியும், தம்பி?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப்போகலாம். பாத்திரத்தில்தான் கறார்: கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

டின்னில் பெட்ரோலா என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா, புஸ் மாத் என்ற குட்டி விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். வழியில் அகமதாபாத்தில் இறங்கியபோது அவருக்குப் பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? நான்கு காலன் டின்களில், மாட்டு வண்டியில்!

சின்ன விமானங்களுக்குப் பெட்ரோல் நிரப்புகிறவர்கள் இன்றும் ஒரு காரியத்தை முதலில் செய்வார்கள். மூடியைத் திறக்கும் முன்பே விமானத்தையும் எரிபொருள் வண்டியையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுவார்கள். குழாயில் ஓடும் பெட்ரோல் உராய்ந்து நிலைமின்சாரத்தை உண்டாக்கும். நைலான் துணியைக் கழற்றும்போது படபடவென்று பொரியுமே, அதே சங்கதி. கம்பி இருந்தால் இரண்டு பக்கமும் மின்சாரம் சமமாகிவிடும், பொறி பறக்காது.

பிளாஸ்டிக்கில் அந்த மின்சாரம் வெளியேற வழியில்லை. பெட்ரோலோ சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுவது. செஞ்சி வெயிலில் கேட்கவா வேண்டும்! அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய், தள்ளி இருக்கும் பீடியிலோ அடுப்பிலோ பற்றிக்கொண்டு திரும்பி வரும்.

அதனால் உலோகக் கேனை வண்டியில் வைத்தபடி பிடிக்காதீர்கள். தரையில் இறக்கி வையுங்கள். பம்பின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாகப் பிடிக்கட்டும். மேலே கொஞ்சம் காலியிடம் வேண்டும், சூட்டில் பெட்ரோல் விரியும். காருக்குள் பிள்ளைகளோடு வைத்துக் கொண்டுவர வேண்டாம். கொல்லையில் மிஷின் சூடு ஆறாமல் ஊற்றவே ஊற்றாதீர்கள். வேலை அவசரத்தில் நம் ஆட்கள் மறப்பது இதைத்தான். கொதிக்கும் சைலன்சர் மேல் நாலு சொட்டு விழுந்தால் போதும்.

இன்னொன்று, டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம். தப்பித்தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலுக்குள் போனால் அதுதான் உயிருக்கு ஆபத்து. நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

நான் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது பெரியவர் மறுபடி வந்திருந்தார். கையில் ஒரு பழைய எண்ணெய் டின். பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எல்லாம் சரி. மூடி எங்கங்க ஐயா?"