மார்க் பேச்சுக்கா, பதிலுக்கா?

வகுப்பறை விவாதத்துக்கு மார்க் போடுற முறையைப் பத்தி ரொம்ப நாளா ஒரு பதிவு எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தேன். கொஞ்சம் சீரியஸ் பதிவுதான். மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க பொறுத்துக்கணும்.

முன்னாடியெல்லாம் பேச்சுப்போட்டின்னா ஆண்டுவிழாவோட சரி. ஜெயிச்சா ஒரு சோப்பு டப்பா, தோத்தா நட்டமில்லை. தமிழ்நாட்டுல 2012-13ல 1 முதல் 8 வகுப்பு வரைக்கும் முப்பருவ முறை வந்தப்போ, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60னு பிரிச்சாங்க. குழுவா செய்யற வேலையெல்லாம் மார்க்குக்குள்ள வந்துடுச்சு. நல்ல விஷயம்தான். நான் குறை சொல்றது அதை அளக்குற முறையை.

போன வருஷம் மங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்பு விவாதத்துக்கு என்னை நடுவரா உக்காரச் சொன்னாங்க. பனியன் கம்பெனியில குவாலிட்டி பார்க்குறவனுக்கு இது பெரிய மரியாதைங்க. தலைப்பு, 'திருப்பூருக்குத் தேவை தொழிலா, நொய்யலா?' அணிக்கு ஆறு பேர். கையில குடுத்த தாள்ல உச்சரிப்பு, குரல் வளம், உடல்மொழி, நேரம், குழு ஒற்றுமைனு அஞ்சு கட்டம். ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க். எதிரணி சொன்னதுக்குப் பதில் சொன்னாங்களான்னு பார்க்க ஒரு கட்டம்கூட இல்லை!

நொய்யல் அணித் தலைவி பிரமாதமாப் பேசுச்சு. பாசனத்துக்குன்னு 1992ல திறந்த ஒரத்துப்பாளையம் அணையில சாயக்கழிவு தேங்கினது, 2011 ஜனவரி 28ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுனு தேதி பிசகாம அடிச்சுது. தொழில் அணித் தலைவன் வேலை போன குடும்பங்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினான். ரெண்டும் மனப்பாடம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் தொடவே இல்லை.

தொழில் அணியில சார்ட் பேப்பரைப் பிடிச்சுட்டு ஓரமா நின்னான் ஒரு பையன். முடிஞ்சதும், "ஏங்கண்ணு, நீ ஒண்ணும் பேசலையே?"ன்னேன். "எங்கப்பா டையிங்லதானுங்க சார். தண்ணியில கலரை எடுத்துடலாமுங்க. உப்பை எடுக்கறதுதானுங்க கஷ்டம். செலவெல்லாம் அதுலதானுங்க"ன்னான்.

மொத்த விவாதத்தோட முடிச்சே அதுதானுங்க! மூடின பட்டறைங்க திரும்ப ஓடினதே, ஒரு சொட்டுக் கழிவையும் வெளிய விடக்கூடாதுங்கற நிபந்தனையிலதான். அப்போ அந்தச் செலவை யார் சுமக்கறது? தொழிலா ஆறாங்கறதை விட்டுட்டு அங்கதான் பேச்சு போயிருக்கணும். போகலை. அணிக்கு வந்தது 7 மார்க். அது ஆறு பேருக்கும் அப்படியே. தெரிஞ்சவனுக்கும் 7, சும்மா நின்னவனுக்கும் 7.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. ரிங்கெல்மான்ங்கற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆளுங்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்து 1913ல வெளியிட்டார். எட்டுப் பேரா இழுத்தப்போ, ஒருத்தர் தனியா இழுக்குற வலுவுல பாதிதான் ஆளுக்கு வந்துச்சு. அவிநாசித் தேர் வடத்துல கையை மட்டும் வெச்சுட்டு நடக்கறவங்களை நாம பார்த்ததில்லையா?

எதிராளி பேச்சை எடுத்துச் சொல்லி மறுக்கறதும் நமக்குப் புதுசில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம்னு ரெண்டாப் பிரிச்சு, மத்தவங்க கொள்கையைச் சொல்லி மறுக்கற பரபக்கத்தைத்தான் முதல்ல வெச்சார்.

எங்க தொழில்ல பையரோட கியூசி வந்தா, நாம எடுத்து நீட்டுற பீஸைப் பார்க்க மாட்டார். அடுக்கி வெச்ச பெட்டியில அவரா ஒண்ணைக் கைகாட்டிப் பிரிக்கச் சொல்வார். எதைப் பிரிப்பார்னு தெரியாததாலதான் எல்லாப் பெட்டியும் ஒழுங்கா வருது.

வகுப்புக்கும் அதையே வைக்கலாம். 10 மார்க்ல பேச்சுக்கு 4 போதும். பேசி முடிச்சதும் சீட்டுக் குலுக்கி அணியில ஒருத்தரை எடுக்கணும். எதிரணி சொன்னதுல வலுவான பாயிண்ட் எது? அதுக்கு உன் பதில் என்ன? ரெண்டே கேள்வி, ஆளுக்கு மூணு மூணா 6 மார்க். அது மொத்த அணிக்கும் சேரும். யார் பேர் வரும்னு தெரியாதப்போ, சார்ட் பிடிக்கிற பையன்கிட்ட "உனக்கு என்னடா தெரியும்?"னு முந்தின நாளே தலைவன் கேட்டுத்தானே ஆகணும்?

கூச்சப்படுற புள்ளையால அணிக்கே மார்க் போயிடாதான்னு கேப்பீங்க. உக்காந்த இடத்துல இருந்தே, வீட்டுல பேசுற தமிழ்லயே சொல்லட்டும். இந்த 6 மார்க்ல உச்சரிப்பைத் தொடவே கூடாது. ஒடியாவும் ஹிந்தியும் வீட்டுல பேசுற புள்ளைங்க நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல படிக்குதுங்க. உச்சரிப்புக்குத் தனி மார்க்னா அதுங்க வாய் திறக்கும் முன்னாடியே அவுட்.

வாத்தியார் வேலையில இருக்கற பதிவர்கள் ஒருதரம் செஞ்சு பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. சரிப்படாதுன்னா தாராளமாத் திட்டுங்க. ஆனா என் பாயிண்டை ஒருதரம் சொல்லிட்டுத் திட்டுங்க. அதுக்கு 3 மார்க் உண்டு :-)