புருவமளவு ஒரு கம்பு

கர்வம் என்ற சொல்லை நம் பெரியவர்கள் அவ்வளவு நல்ல அர்த்தத்தில் பிரயோகித்ததில்லை. ஆயினும் என் ஆயுளில் நான் மெய்யாகவே கர்வப்பட்ட தருணம் எது என்று யாரேனும் கேட்டால், பரீட்சையில் தேறியதையோ உத்தியோகம் கிடைத்ததையோ சொல்லமாட்டேன். பன்னிரண்டாம் பிராயத்தில், சிலம்பக்கூடத்து மண்சுவரோடு முதுகை ஒட்டி நிற்கவைத்து, பக்கத்தில் ஒரு மூங்கிலை நிறுத்தி, என் புருவத்துக்கு நேரே அதில் கட்டைவிரலை வைத்து ஆசான் அளவு பார்த்தாரே, அந்த மாலையைத்தான் சொல்வேன்.

அதற்கு முன் ஏழு மாத காலம் எனக்குக் கம்பே கிடையாது. காலடி வரிசை மட்டும்தான். வெறுங்கையோடு முன்னே ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, திரும்பி ஓர் அடி என்று ஈர மணலில் வைத்த பாதம், மறுசுற்றிலும் அதே தடத்தில் விழுகிறதா என்று ஆசான் குனிந்து பார்ப்பார். விழாவிட்டால் ஒன்றும் பேசாமல் தம் காலால் தடங்களை அழித்துவிட்டு நகர்ந்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து. என்னோடு சேர்ந்தவர்களில் பலர் அதோடு நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் இரண்டு தடவை நின்று, பாட்டியின் கேலி பொறுக்காமல் திரும்பிப் போனவன்தான்.

அன்று மூங்கிலின் தலையை அரிவாளால் நறுக்கி, கணுக்களைச் செதுக்கி, அனலில் வாட்டி வளைவை நிமிர்த்திக் கையில் கொடுத்தபோது, "எண்ணெய் போட்டு வை" என்றாரே தவிர, பாராட்டாக ஒரு சொல் இல்லை. கணுச் செதுக்கிய இடங்கள் இன்னும் சூடாக இருந்தன.

இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இவை பரம சந்தோஷத்துக்குரியவை. ஆனால் சேர்ந்த மறுமாதமே பிள்ளையை மேடையேற்றிச் சான்றிதழ் வாங்கிவிடவேண்டும் என்று பெற்றோர் துடிப்பதும், அதற்கு இணங்கிப் பயிற்சியாளர்கள் மணிக்கட்டுச் சுழற்சியை மட்டும் கற்றுக்கொடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. எதிராளியின் உடம்பில் கம்புநுனி பட்டுப் பொட்டு விழுவதும் விழாததும் எட்டும் தூரத்தைப் பொறுத்தது. அந்தத் தூரத்தைக் கொடுப்பது கால். கால் பிசகினால் எவ்வளவு அழகான வீச்சும் காற்றைத்தான் அடிக்கும். போட்டி நடத்துவோர் காலடி வரிசைக்கென்று தனிச் சுற்றே வைத்து, அதில் தேறியவனுக்குத்தான் கம்பு என்று விதித்தால் என்ன?

என் கம்பு இன்றும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. என் தோளைக்கூட எட்டுவதில்லை. சென்ற வாரம் பேத்தி அதை எடுத்துத் தன் அருகே நிறுத்திப் பார்த்தாள். இன்னும் நான்கு விரற்கடை வளரவேண்டும்.